மூன்று லெட்சுமிகளும் ஒரு செக்ரோலும்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொழுந்து நிறுக்கும் நேரம் நன்றாகத் தெரியும். தராசில் கொழுந்து ஏறும், கணக்கப்பிள்ளை நிறையைக் குறித்துக்கொள்வார். அங்கே பெயரை மட்டும் எழுதினால் என்ன ஆகும்? ஒரே டிவிஷனில் மூன்று லெட்சுமி இருந்தால், ஒருவர் பறித்த பன்னிரண்டு கிலோ இன்னொருவர் கணக்கில் விழுந்துவிடும். அதனால்தான் தோட்டத்து ஆட்களின் பதிவேடான செக்ரோலில் ஆளுக்கொரு நம்பர்.

கணினியில் தகவலைச் சேர்த்து வைக்கும் தரவுத்தளமும் இதையே முதலில் கேட்கிறது: இந்த ஆளை மற்ற எல்லோரிடமிருந்தும் பிரித்துக் காட்டுவது எது? தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் இதற்கு முதன்மைச் சாவி என்று பெயர். அது இருவருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது, வெறுமையாகவும் இருக்கக் கூடாது.

இப்படி ஆளைப் பிரித்துக் காட்டும் ஓர் எண்ணைப் பார்க்க, வீட்டில் பாட்டியின் தேசிய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 1955 பெப்ரவரி 1 இல் பிறந்த பெண்ணின் எண் 55532 என்று தொடங்கும். ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்றால் 1901 இல் பிறந்தவருக்கும் 2001 இல் பிறந்தவருக்கும் 01 தானே வரும்? 2016 முதல் வரும் பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு முழுதாக இருக்கிறது.

இனி செக்ரோலைக் கணினியில் ஏற்றுவோம். அவசரக்காரர் ஒருவர் ஒரே பெரிய அட்டவணை போடுகிறார். ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு வரி. அதில் திகதி, ஆளின் நம்பர், பெயர், லயம், மலை நம்பர், மலையின் பரப்பளவு, கிலோ எல்லாம் உண்டு. பார்க்க வசதிதான். ஆனால் லெட்சுமி லயத்தை விட்டுப் புதிய வீட்டுக்குப் போகிறார். அவர் பெயர் வரும் நூற்றுக்கணக்கான வரிகளையும் திருத்த வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் ஒரே லெட்சுமிக்கு இரண்டு விலாசம்!

இன்னொன்று இதைவிட மோசம். ஒரு மலையில் புதிதாகத் தேயிலை நட்டிருக்கிறார்கள். அங்கே இன்னும் கொழுந்து பறிக்கவில்லை, ஆகவே நிறுவை இல்லை, வரியும் இல்லை. மலை கண்முன்னே நிற்கிறது, அதன் பரப்பளவை எழுதத்தான் இடமில்லை.

இதற்கு வழி, அட்டவணையை மூன்றாகப் பிரிப்பதுதான். ஆட்களுக்கு ஒன்று, மலைகளுக்கு ஒன்று, நிறுவைக்கு ஒன்று. நிறுவை அட்டவணையில் திகதி, எத்தனையாவது நிறுவை, ஆள் நம்பர், மலை நம்பர், கிலோ மட்டும் போதும். பெயரும் வீடும் ஆட்கள் அட்டவணையில் ஒரே ஓர் இடத்தில் இருக்கும். வீடு மாறினால் ஒரே திருத்தம். சம்பள நேரத்தில் 27 ஆம் நம்பர் ஆளின் வரிகளைக் கணினி திரட்டிக் கூட்டி, அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பெயரை எடுத்து வரும். இப்படி வேறு அட்டவணைக்கு வழிகாட்டும் எண் அந்நியச் சாவி.

இந்த யோசனையை 1970 இல் ஒரு கட்டுரையாக எழுதியவர் எட்கார் கோட். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்தவர். அதற்கு முன், தகவல் எந்தப் பாதையில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதை நிரல் எழுதுபவரே தெரிந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. அட்டவணைகள் போதும், பொதுவான எண்களே அவற்றை இணைக்கும் என்றார் கோட். 1981 இல் அவருக்கு டியூரிங் விருது கிடைத்தது. இன்று பல வங்கிகளின் கணக்குகளும் இந்த முறையில்தான் இருக்கின்றன.

நம் ஊருக்கு இது சின்ன விஷயமே இல்லை. பிறப்புச் சான்றிதழில் லட்சுமி, அடையாள அட்டையில் லெட்சுமி, சேமலாப நிதிப் பதிவில் லெச்சுமி என்று இருந்தால், உழைத்துச் சேர்த்த பணத்தை வாங்க வயதான காலத்தில் அலைய வேண்டிவரும். ஒருவரின் பெயரை ஒரே இடத்தில், சரியாக எழுதி, மற்ற இடங்களில் எண்ணை மட்டும் வைப்பது அவருக்கு நாம் செய்யும் நியாயம்.

இப்போது ஒரு வேலை. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவுக்கு அட்டவணை போடுங்கள். தாயின் வரியில் பிள்ளையின் பெயருக்கு ஒரு கட்டம் விட்டால், இரட்டைப் பிள்ளைகள் வரும்போது என்ன செய்வீர்கள்? தாயின் நம்பரைப் பிள்ளையின் வரியில் எழுதிப் பாருங்கள்.