பஞ்சரத்தினம் முடிந்த மறுநாள்

புஷ்ய பகுள பஞ்சமியன்று, பெரும்பாலும் ஜனவரியில், திருவையாற்றுக் காவிரிக்கரையில் தியாகராஜர் ஆராதனைக்காக வித்வான்கள் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடிக்கிறார்கள். 1847-இல் அவர் சமாதியான இடம். 1920-களில் பெங்களூர் நாகரத்னம்மாள் தன் கைப்பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பிய இடம். பாட்டு ஓய்ந்ததும் கார்கள் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பிவிடுகின்றன. 13 கிலோமீட்டர்தானே! அறை வாடகை அங்கே போகிறது; இங்கே மிஞ்சுவது அசோகா அல்வா வியாபாரமும் கரையோரக் குப்பையும்.

சங்கீத ரசிகர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆற்றுக்கு ஆராதனையைவிடப் பெரிய பாரம் ஆடி அமாவாசை. புஷ்ய மண்டபப் படித்துறையில் விடியுமுன்பே தர்ப்பணம் ஆரம்பித்துவிடும். எள்ளும் பிண்டமும் கரைந்துவிடும், வாழையிலை மக்கிவிடும். கட்டிய துணியை ஆற்றோடு விடுகிறார்களே, அதுதான் தொல்லை. நூல்புடவைக் காலத்து வழக்கம் பாலியெஸ்டர் காலத்திலும் தொடர்கிறது. கடைசிப் படியில் இறங்கினால் சேற்றில் புதைந்த முந்தானை காலைச் சுற்றுகிறது.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். ஆடிக் குப்பையை வெள்ளம் கீழே கும்பகோணம் பக்கம் தள்ளிவிடும். அங்கே மதகுகளில் சிக்கும். ஆராதனையோ அணை மூடும் காலத்தை ஒட்டி வருகிறது. அப்போது விழுவது மணலில் மாதக்கணக்காகக் கிடக்கும். தண்ணீர் தாமதமானால் இன்னும் மோசம். 2024-இல் ஜூலை 28-இல்தான் அணை திறந்தது. ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு, மறுநாளே அமாவாசை.

கூட்டத்தோடு வரும் நெரிசலுக்கு மருந்தாக வந்த புறவழிச்சாலையும் சும்மா வரவில்லை. 2022 இறுதியில், நின்ற சம்பாப் பயிர்மேல் மண் கொட்டியதை எதிர்த்து விவசாயிகள் வயலில் இறங்கினார்கள். சாலை வேண்டியதுதான் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அறுவடை வரை பொறுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

திருவிழா நாளில் மட்டும் கூடுதல் ஆள் போட்டால் போதாது. படித்துறையில் துணிக்கென்று தொட்டிகள் வேண்டும். ஜூன் 12-க்கு முன் ஆற்றுப்படுகையைக் கூட்டி அள்ள வேண்டும். வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: துணியைத் தண்ணீரில் விடாதீர்கள், சாப்பாட்டையாவது திருவையாற்றிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.