சைக்கிளுக்கும் சாலையில் இடம்

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியமர்ந்திருக்கும் நமக்கு, அவ்வூர்ச் சாலைகளைப் பற்றி வாய் திறப்பதில் ஒரு தயக்கம் உண்டு. வந்த இடத்தில் வழக்கு எதற்கு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆயினும் காலையில் நம் வாசலுக்குப் பாலும் பத்திரிகையும் பல ஊர்களில் இன்னும் சைக்கிளிலேதான் வருகின்றன. அந்தச் சைக்கிளை விலக்கினால் என்ன நேரும் என்பதைக் கொல்கத்தா கண்டிருக்கிறது. (நம்மில் முதியோர் அதைக் கல்கத்தா என்றே இன்னும் வழங்குகின்றனர்.)

2013-ம் ஆண்டில் அந்நகரப் போலீஸார் 174 சாலைகளில் சைக்கிள் செல்லலாகாது என ஆணையிட்டனர். மெதுவாகச் செல்லும் வண்டிகள் மோட்டார்ப் போக்குவரத்தைத் தடைசெய்கின்றன என்பதே சொல்லப்பட்ட காரணம். பால்காரரும் பத்திரிகை போடுவோரும் பிடிபட்டு அபராதம் செலுத்தினர். இத்தனைக்கும், வண்டிகளைவிட மனிதர்கள் இடம்பெயர்வதே முக்கியம் என்னும் கருத்தை மத்திய அரசு 2006-ம் ஆண்டிலேயே தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையில் வகுத்திருந்தது!

அக்காரணத்தைச் சற்றே ஆராய்வோம். ஒரு கார் நிற்கும் இடத்தில் பல சைக்கிள்கள் நிற்கலாம். அக்காரிலோ பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் இருப்பர். நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்காக வண்டிகள் காத்து நிற்கையில், எஞ்சின்கள் கக்கும் புகையை நேராக மூச்சில் வாங்குபவர் நடந்து செல்வோரும் சைக்கிளில் செல்வோருமே. புகையே விடாத வண்டியை நெரிசலுக்குப் பொறுப்பாக்கியது முறையன்று என்பது நம் துணிபு. சைக்கிள்காரரிடம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. எதிர்த்திசையில் வருவோரும், இரவில் விளக்கின்றிச் செல்வோரும் உளர். அதற்குப் பரிகாரம் தனித் தடமும் ஒழுங்கும், தடை அன்று.

கொல்கத்தாச் சைக்கிள்காரர்கள் வாளாவிருக்கவில்லை. ஒன்றுகூடிப் போராடினர். உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுக்கப்பட்டது. தடையுள்ள சாலைகளின் எண்ணிக்கை பின்னர் 62 ஆகக் குறைந்தது. 2020-ல் பெருந்தொற்றின்போது, புறநகர் ரயிலும் மெட்ரோவும் நின்றிருந்த நாட்களில், போலீஸாரே சிறு சாலைகளில் சைக்கிளுக்கு வழிவிட்டனர். முன்பு இடையூறாகத் தோன்றியது அப்போது ஆபத்துக்கு உதவியது.

நாடு முழுதும் சாலைப் பாதுகாப்புக்காக நடந்துவரும் ஒரு வழக்கில் நம்மவர் ஒருவரின் பங்கு பெரிது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்சநீதிமன்றத்தை அணுகினார். விபத்தில் முறிந்த கை கால்களை அன்றாடம் சீர்செய்யும் தொழிலினர் அவர். அதன் பயனாக 2014-ல் சாலைப் பாதுகாப்புக்கென ஒரு குழு அமைந்தது. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 32,000-க்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். அதே வழக்கில் 2025 அக்டோபரில், நடப்போருக்கும் எஞ்சினில்லா வண்டிகளுக்கும் உரிய விதிகளை ஆறு மாதத்திற்குள் இயற்றுமாறு மாநிலங்களுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது.

ஆகவே நாம் வாழும் மாநிலத்தில் அவ்விதிகள் எந்த நிலையில் உள்ளன என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. வெறுங்கையோடு கேட்பதைவிடக் கணக்கோடு கேட்பது நன்று. நம் தெருமுனையில் காலை எட்டு முதல் ஒன்பது வரை நின்று, எத்தனை சைக்கிள், எத்தனை கார், நடைபாதையின்றி நடுத்தெருவில் இறங்கி நடக்கும் குழந்தைகள் எத்தனை பேர் என ஒரு வாரம் குறித்துவரலாம். அக்கணக்கை வார்டு கவுன்சிலரிடமும் போக்குவரத்துப் போலீஸாரிடமும் மனுவோடு சேர்க்கலாம். மனுவை அவ்வூர் மொழியிலே அண்டை வீட்டாரைக்கொண்டு எழுதுவிப்பதே உசிதம். முதற் கையெழுத்தைப் பால்காரரிடம் கேட்டு வாங்குவோம்.