திரையில் கண்ட முகம் தாளில் பதியும் முறை

ஒருவர் மறைந்த முப்பத்தோராம் நாளில் அவர் நினைவாகச் சிறு நூலொன்றை அச்சிட்டு, உற்றாருக்கும் அயலாருக்கும் வழங்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக உண்டு. கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் அதனை அழைப்பர். திருமுறைப் பாடல்களும் குடும்ப வரலாறும் அதில் இடம்பெறும். முகப்பில் மறைந்தவரின் உருவப்படம் அமையும். நூலைக் கையில் எடுப்போர் முதலில் நோக்குவது அப்படத்தையே.

கண்டி வீதியிலிருந்து பருத்தித்துறைக்கு வீதி பிரியும் கொடிகாமத்திலும், அதனைச் சூழ்ந்த தென்மராட்சி ஊர்களிலும் அப்படத்தைத் தேடிப் பெறுவது எளிதன்று. 2000ஆம் ஆண்டில் போர் தென்மராட்சியை அடைந்தபோது, மக்கள் உடுத்த துணியோடு வீடு நீங்கினர். மீண்டு வந்தபோது சுவர்கள் மட்டுமே எஞ்சியிருந்த இல்லங்கள் பல. அலுமாரியில் வைத்துப் போற்றிய புகைப்பட அல்பங்களும் அவற்றோடு அழிந்தன. ஆதலால், இன்று ஒரு மூதாட்டி மறையும்போது, அவருடைய முகம் எஞ்சியிருப்பது சில குடும்பங்களில் கடல் கடந்து வாழும் பிள்ளையின் கைத்தொலைபேசியில் மட்டுமே. தாயோடு உரையாடுகையில் திரையில் தோன்றிய முகத்தை அப்படியே பிடித்து வைத்த படம் அது. ஸ்கிரீன்ஷொட் என வழங்கும் இத்திரைப்பிடிப்பை நூலில் செம்மையாக அச்சிடுவது எங்ஙனம்?

திரையில் தெளிவாகத் தோன்றும் படம் தாளில் மங்குவதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். திரைப்படம் பிக்சல் என்னும் நுண்ணிய சதுரங்களால் ஆனது. அகன்ற ஓலையால் இழைத்த பாயில் பூவேலை செய்தால் பூவின் விளிம்பு படிக்கட்டுப் போலத் தெரியும். மெல்லிய ஓலையால் இழைத்தால் வளைவு வளைவாகவே தோன்றும். பிக்சலின் இயல்பும் அத்தகையதே. அச்சு இயந்திரமோ மையைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக இடுவது. நல்ல நூல்களில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 150 புள்ளி வரிசைகள் அமையும். அவற்றுக்கு வேண்டிய விவரத்தை அளிக்க, படத்தில் அங்குலத்துக்கு அதன் இருமடங்கு, அதாவது 300 பிக்சல் இருத்தல் நன்று. 200க்குக் குறைந்தால் குறை கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும்.

இக்கணக்கைச் சிறிது போட்டுப் பார்ப்போம். நினைவு மலர்கள் பலவும் அச்சாகும் ஏ5 தாளை முழுவதும் நிரப்ப, 1,748 பிக்சல் அகலமும் 2,480 பிக்சல் உயரமும் வேண்டும். கைத்தொலைபேசித் திரைப்பிடிப்பின் அகலம் பெரும்பாலும் 1,080 பிக்சல். அதனை 300 ஆல் வகுத்தால் கிடைப்பது 3.6 அங்குலம். அதிலும் முகம் மட்டும் 400 பிக்சல் அகலமுடையதாயின், அது செம்மையாக அச்சாகும் அகலம் ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றே கூடும். கணினியில் 72 என்றிருக்கும் எண்ணை 300 என மாற்றிவிட்டால் போதும் எனச் சிலர் கருதுவர். அது படியின் அளவை மாற்றாமல் நெல்லின் அளவைக் கூட்ட முயல்வது போன்றது. பிக்சல்களின் தொகை அதனால் ஒன்றேனும் மிகுவதில்லை.

ஆகவே முதலிற் செய்யத்தக்கது மூலப்படத்தைத் தேடுதலே. தேசிய அடையாள அட்டைக்கு எடுத்த படம், உறவினர் வீட்டுத் திருமண அல்பம், பள்ளி மலர் முதலியவற்றில் அம்முகம் இருக்கக்கூடும். திரைப்பிடிப்பே கதியெனின், அதனை வட்ஸ்அப்பிற் சாதாரணப் படமாக அனுப்பாது ஆவணமாக அனுப்பும்படி பிள்ளையைக் கேட்டல் வேண்டும். படமாக அனுப்பினால் அளவு சுருங்கி விவரம் குன்றும்.

பெற்ற படத்தின் பிரதியொன்றிலேயே வேலை செய்தல் முறை. ஓரத்திலுள்ள பொத்தான்களையும் நேரக்குறிப்பையும் வெட்டி நீக்குக. வண்ணத்தை விடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால், காணொளியிற் படியும் நிறக்கறைகள் மறையும். அச்சிடும் அளவை முடிவுசெய்த பின்னரே படத்தைக் கூர்மையாக்குதல் தகும், அதுவும் சிறிதளவே. வழவழப்பற்ற தாளில் மை பரவிப் படம் கறுக்குமாதலால், நடுநிழல்களைச் சற்று வெளிறச் செய்தல் நலம். ஒவ்வொரு முறையும் ஜேபெக் கோப்பாகச் சேமித்தால் விவரம் தேயும். டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தால் தேயாது. இரங்கற் செய்திகளின் திரைப்பிடிப்புகளையோ படமாக அச்சிடவே வேண்டுவதில்லை. புதிதாக எழுத்துக் கோத்தலே சிறந்தது.

இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய முகத்தை நொடியிற் பெரிதாக்கித் தெளிவாக்கித் தருகின்றன. வியப்பூட்டும் அத்தெளிவு எங்கிருந்து வருகிறது? இல்லாத விவரத்தை அவை மீட்பதில்லை. பிறருடைய எண்ணற்ற முகங்களைக் கொண்டு பயின்றதனால், இப்படித்தான் இருக்கும் என ஊகித்து வரைகின்றன. சுருக்கம் மறையும்; கண்ணின் வடிவம் மாறும்; மூக்குத்தியின் இடத்தில் வெறும் நிழல் விழும். பார்ப்பதற்கு அழகாயிருக்கும்; ஆயின் அது அந்தத் தாயாக இராது. அவரை நேரிற் காணாத பேரப்பிள்ளைகள், அச்சிட்ட முகத்தையே பாட்டியின் முகமென்று மனத்திற் கொள்வர். திருத்தித்தர வேறு படம் இல்லாத வீட்டில் அப்பிழை நிலைத்துவிடும். அத்தகைய செயலியைப் பயன்படுத்த நேரின், அம்முகத்தோடு நெடுநாள் பழகிய ஒருவரிடம் காட்டி அவர் ஒப்பிய பின்னரே அச்சுக்கு விடுதல் கடமையாகும்.

இவ்வளவும் செய்த பின்னரும் படம் சிறிதாகவே அமையின் கவலை வேண்டா. இரண்டங்குலப் படத்தைப் பக்கத்தின் நடுவில் இட்டு, சுற்றிலும் வெண்மை விட்டு, கீழே பெயரைப் பொறித்தால் அம்முகப்பு தனி எழில் பெறும். நூலுக்குரிய அதே தாளில் மாதிரியொன்றை அச்சகத்தாரிடம் கேட்டுப் பார்த்து, இன்னார்தான் என்று வீட்டார் உறுதி கூறிய பின் அச்சுக்கு விடுக. பக்கத்தை நிரப்பும் பிறிதொரு முகத்தினும், உள்ளங்கையில் அடங்கும் உண்மை முகமே அந்நூலுக்கு உரியது.