பழைய காரும் புதிய உதிரிப் பாகமும்

தேர் எவ்வளவு பெரியதாயினும் அதனை ஓடச் செய்வது ஒரு சிறிய அச்சாணியே என்பதை நாம் எல்லோரும் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் கேட்டவையெல்லாம் மனத்தில் பதிவதில்லை. இரு விரல் நுனியில் அடங்கும் ஒரு ரப்பர்த் துண்டு ஐந்து உயிர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறது என்பதைச் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மழைநாள் காலையில்தான் நாம் உணர்ந்தோம். அந்த அனுபவத்தையும், அதன்பின் பலரிடம் விசாரித்து அறிந்தவற்றையும் சங்கத்து அன்பர்களுக்குத் தெரிவிப்பது பயனுடையதாகும் என்று எண்ணி இதனை எழுதத் துணிந்தோம். நாம் மெட்ரிகுலேஷன் வரை மட்டுமே படித்து, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவர். பொறியியல் கற்றவர் அல்லர். ஆதலால் பிழை காணும் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

நமது இல்லம் திருமுல்கேரியில் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டில் உருவான ஓர் அம்பாசிடர் காரை நமது தந்தையார் 1997-இல் இரண்டாம் விலைக்கு வாங்கினார். நம் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் அந்த வண்டியில் ஏறாதவர்கள் சிலரே எனலாம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு, கந்தகிரிக் கோயிலுக்குக் கிருத்திகை தரிசனம், நடுநிசியில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என எல்லாவற்றுக்கும் அது சென்றிருக்கிறது. தந்தையார் காலமான பின்னரும் அதனை விற்க நமக்கு மனம் வரவில்லை. 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குரிய சட்டப்படி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்து அதனை ஓட்டி வருகிறோம்.

அன்று காலை சென்னைக்குப் புறப்பட்ட நமது அத்தையாரை ரயிலேற்றுவதற்காகச் சிகந்தராபாத் நிலையம் நோக்கிச் சென்றோம். வண்டியில் அத்தையாரும், அவருடைய பேத்தியும், நமது இல்லாளும், மகனும் இருந்தனர். கார்க்கானாவை நெருங்கியபோது முன்னே பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த ஓர் ஆட்டோ ரிக்ஷா நின்றது. பிரேக்கை மிதித்தோம். மிதிகட்டை யாதொரு தடையுமின்றி அடித்தளம் வரை இறங்கிவிட்டது. மீண்டும் மிதித்தோம், பயனில்லை. கியரைக் குறைத்துக் கைப்பிரேக்கை முழு வலுவுடன் இழுத்ததில், அந்த ஆட்டோவுக்கு ஒரு முழ தூரத்தில் வண்டி நின்றது. உள்ளே இருந்த பிள்ளைகள் ஒன்றும் அறியாமல் நம்மைப் பார்த்துக் கையசைத்துக் கொண்டிருந்தார்கள். நமக்குக் கை நடுக்கம் அடங்கவில்லை. ரயில் தவறிவிடுமே என்று நாம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "ரயில் நாளைக்கும் வருமடா. முதலில் குழந்தைகளைக் கீழே இறக்கு" என்றார் அத்தை.

வண்டியை இழுத்துச் சென்று, தந்தையார் காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான உஸ்தாதிடம் விட்டோம். இவ்வூரில் கைதேர்ந்த மெக்கானிக்கை அவ்வாறுதான் மரியாதையாக அழைப்பர். அவர் பின் இடது சக்கரத்தின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரைத் திறந்தார். உள்ளே இருந்த ரப்பர் கப் உப்பிப் பருத்து, விளிம்பு பிய்ந்து கிடந்தது. பிரேக் ஆயில் முழுவதும் அவ்வழியே கசிந்து போயிருந்தது. நமது வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே எண்ணெய் வழி. ஆகவே ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போயின.

"இந்த கப் மாட்டி நாலு மாதம்கூட ஆகவில்லையே, பாபு! எங்கே வாங்கினீர்கள்?" என்று உஸ்தாத் கேட்டார்.

நாம் தலை குனிந்தோம். அதனை வாங்கிக் கொடுத்தவர் நாமே. கடையில் இருவகை கப்புகள் இருந்தன. ஒன்று பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டியில் இருந்தது. மற்றொன்று அதன் விலையில் பாதிக்கும் குறைவு. உறையில் செய்தவர் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தமையால் மலிவானதை வாங்கினோம். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை நமக்கும் பொருந்திற்று.

பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இரு பாகங்களுள் ஒன்று ஏன் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது, மற்றொன்று ஏன் மாதக்கணக்கில் அழிகிறது? இதனை உஸ்தாதிடமும், நமது ரயில்வே பட்டறைகளில் பணிபுரியும் அன்பர்கள் சிலரிடமும் வினவினோம். அவர்கள் கூறியவற்றின் சாரம் வருமாறு:

ரப்பர் என்பது ஒரே பொருளன்று. பிரேக் ஆயில் எனப்படுவது நாம் எஞ்சினில் ஊற்றும் கச்சா எண்ணெய் வழிப்பட்ட எண்ணெய் அன்று. அது கிளைக்கால் வகையைச் சேர்ந்த வேறொரு திரவம். எஞ்சின் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பிரேக் ஆயிலில் ஊறினால் உப்பிவிடும். பிரேக் ஆயிலைத் தாங்கும் ரப்பரோ எஞ்சின் எண்ணெய் பட்டால் கெடும். இரண்டும் கறுப்பே, இரண்டையும் ஒரே அச்சில் ஒரே அளவில் வார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் பொருள் மாறியதால் வந்ததே நமக்கு நேர்ந்த விபரீதம்.

இரும்புப் பாகங்களின் நிலையும் இவ்வாறே. முன்சக்கரத்தைத் திருப்ப உதவும் கிங்பின் வெளிப்புறம் மிகக் கடினமாகவும் உட்புறம் உறுதியாகவும் இருக்க வேண்டும். உரிய பக்குவத்தில் சூடேற்றிக் குளிர்விப்பதால் வரும் குணம் அது. அப்பக்குவம் செய்யாத கிங்பின்னும் மினுமினுப்பாகவே இருக்கும். ஓரிரு மழைக்காலத்துக்குள் தேய்ந்து, ஸ்டியரிங் ஆடத் தொடங்கும்.

அளவிலும் குற்றம் நேர்வதுண்டு. மூல வரைபடம் கிடைக்காதபோது, சிறு பட்டறையார் பழைய பாகம் ஒன்றையே மாதிரியாகக் கொள்கின்றனர். அம்மாதிரியோ ஏற்கெனவே தேய்ந்தது. மேலும் வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு அளவு சுருங்கும். இதற்கு இடம் விடாமல் வார்த்தால், 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 99 ஆகும். அந்தப் பிரதியை மாதிரியாக வைத்து மற்றொருவர் வார்த்தால் இன்னும் குறையும். கைமாறக் கைமாறக் கதை திரிவதுபோல் பாகமும் திரிந்துவிடுகிறது.

இந்நிலை ஏன் வந்தது? அம்பாசிடர் கார் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி 1950-களின் இறுதியில் வங்காளத்து உத்தரபாராவில் உருவாகத் தொடங்கியது. பம்பாயில் பியட் கார் வழிவந்த பிரீமியர் பத்மினியும், சென்னைக்கருகில் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் உருவாயின. இவற்றுக்கு உதிரிப் பாகம் அளிக்கும் தொழில் பெருகியதில் தமிழ்நாட்டின் பங்கு சிறிதன்று. இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் தோன்றியது. லூகாஸ் டிவிஎஸ் 1961-இலும், பிரேக்ஸ் இந்தியா 1962-இலும் தோன்றின. சென்னையை அடுத்த பாடி என்ற ஊரின் பெயர் இந்தியா முழுவதும் மோட்டார்ப் பட்டறைகளில் வழங்கலாயிற்று. அக்காலத்தில் கார்க் கம்பெனியே பாகங்களைச் சோதித்து ஏற்றுக்கொண்டது. குற்றமுள்ள சரக்கைத் திருப்பியனுப்ப ஒருவர் இருந்தார்.

உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றது. அப்பெயரையே 2017-இல் பிரான்சு நாட்டின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. பெயருக்கு விலை கிடைத்தது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் பாகங்களைச் சோதிக்க எவரும் இல்லை. இலட்சக்கணக்கில் பாகம் செய்த ஆலைக்குச் சில நூறு மட்டும் செய்வது கட்டுபடியாகாது. அது விலகியதும் அவ்விடத்தை யார் வேண்டுமாயினும் நிரப்பலாம் என்றாகிறது. நம் போன்றோர் விலையை மட்டும் கேட்டு வாங்குவதால், நன்றாகச் செய்யும் சிறு பட்டறையாரும் பிழைக்க வழியின்றி மலிவுச் சரக்குக்கு இறங்கிவிடுகிறார். குற்றம் முழுவதையும் செய்பவர் தலையில் சுமத்துவது நியாயமன்று.

அப்படியாயின் பழைய சரக்கே நல்லது, புதியது எல்லாம் தீது என்று கொள்ளலாமா? அதுவும் தவறு. சில கடைகளில் முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பெட்டி பிரிக்காமல் கிடக்கும் ஒரிஜினல் பாகங்களை அதிக விலைக்கு விற்கிறார்கள். இரும்புச் சாமானாயின் அதனை நம்பலாம். ரப்பர்ச் சாமானோ பெட்டிக்குள் இருந்தபடியே இறுகி வெடிக்கும். மேலும் பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-இல் நம் நாட்டில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலப்பது நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய கார்களின் பெட்ரோல் பம்பிலுள்ள டயாப்ரமும் ரப்பர்க் குழாய்களும் இக்கலவைக்கென்று செய்யப்பட்டவை அல்ல; பழைய வகை ரப்பர்கள் சில இதனால் இளகியும் வெடித்தும் போகும். ஆகவே பழைய முறைப்படி அச்சொட்டாகச் செய்த பாகமும் இன்று போதாது. இன்றைய பெட்ரோலைத் தாங்கும் பொருளால் செய்தது எது என்று கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

பழைய இயந்திரத்துக்கு நல்ல பாகம் இனிக் கிடைக்கவே கிடைக்காது என்று மனம் தளரவும் வேண்டுவதில்லை. நீலகிரி மலை ரயிலின் பற்சக்கர எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அவற்றின் உதிரிப் பாகங்களுக்கு நெடுங்காலம் இடர்ப்பட்டதை ரயில்வேக்காரர்கள் அறிவர். ஆயினும் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பட்டறையில் 2011 முதல் அவ்வகைப் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து முடித்தார்கள். இங்கிலாந்திலும் எம்.ஜி.பி. என்னும் காரின் உற்பத்தி 1980-இல் நின்றபின், அதன் மூல அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988-இல் அதன் உடற்கூட்டைப் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினர். மூல அளவும், உரிய பொருளும், சோதித்து ஏற்பவரும் ஆகிய மூன்றும் இருந்தால் பழமை ஒரு தடையன்று.

ரயில்வேயில் பிரேக் போன்ற பாதுகாப்புப் பாகங்களை அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்தே வாங்க வேண்டும். சோதனைச் சான்றின்றி அவை பண்டகசாலைக்குள் நுழைதல் கூடாது. அத்தகைய தாள்களை நாள்தோறும் கோப்பில் சேர்க்கும் நாம், நம் குழந்தைகள் ஏறும் வண்டிக்கு ஒரு சீட்டும் கேளாமல் பாகம் வாங்கியதை நினைக்கும்போது வெட்கமாகவே இருக்கிறது.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு நாம் பட்டறிந்து சொல்லக் கூடியவை சில. பிரேக், ஸ்டியரிங் பாகங்களில் பேரம் பேசலாகாது. செய்தவர் பெயரும் தயாரித்த மாதமும் இல்லாத பெட்டியை வாங்கலாகாது. பில் பெறாமல் வரலாகாது. கழற்றிய பழைய பாகத்தை உடனே எறிந்துவிடாமல், புதியதுடன் வைத்து அளந்து பார்க்க வேண்டும். கிங்பின் போன்றவற்றின் ஓரத்தில் அரத்தால் மெல்லத் தேய்த்துப் பார்த்தால், பக்குவமானதில் அரம் வழுக்கும், மென்மையானதில் கடிக்கும். பிரேக் கப்பில் ஒன்றைக் கூடுதலாக வாங்கி, ஒரு வாரம் பிரேக் ஆயிலில் ஊறவைத்து அளந்து பார்க்கலாம். இதில் தேறியது நல்லது என்ற உறுதி இல்லை. ஆனால் தேறாதது கெட்டது என்பது உறுதி. ஊறவைத்த கப்பை வண்டியில் மாட்டக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. தனியொருவர் நான்கு கப் கேட்டால் எந்தப் பட்டறையும் செவிசாய்க்காது. இராணிகஞ்சுக் கடைகளில் நாம் ஒவ்வொருவராய் ஏறி இறங்குவதை விடுத்து, இருபது முப்பது பேர் சேர்ந்து, இன்ன பொருள், இன்ன அளவு, இன்ன சோதனை என்று எழுதிக் கொடுத்து முன்பணமும் செலுத்தினால், நல்ல பட்டறையார் மகிழ்ச்சியோடு செய்து தருவர். நம் சங்கத்தாரிடையே பழைய கார், ஸ்கூட்டர் வைத்திருப்போர் தம் பெயர்களைச் செயலாளரிடம் பதிவு செய்தால் இதனைத் தொடங்கலாம். முதலாவதாக நம் பெயரைக் கொடுத்திருக்கிறோம்.

நமது வண்டிக்கு இப்போது நான்கு சக்கரங்களிலும் கப்புகளும், எண்ணெய்க் குழாய்களும் புதிதாக மாற்றப்பட்டுள்ளன. செலவு நம் சக்திக்குச் சற்று மிஞ்சியதே. உப்பிப் போன அந்தப் பழைய கப்பை ஒரு சிறிய டப்பாவில் இட்டு, வண்டியின் முன்பெட்டியில் வைத்திருக்கிறோம். கடைக்குப் போகும்போதெல்லாம் அதனை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சென்ற மாதம் அத்தையார் மீண்டும் வந்திருந்தார். ஊருக்குப் புறப்படும்போது, "அந்த வண்டியிலேயே போகலாம், வா" என்று அவரே முன்வந்து ஏறி அமர்ந்தார். அந்நம்பிக்கைக்குப் பாத்திரமாக வண்டியை வைத்திருப்பது நம் கடமை அன்றோ?