குத்துச்சண்டையில் ‘தொழில்’ எது?

பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு வாக்கியம் அடிக்கடி வருகிறது: இன்னார் அமெச்சூரிலிருந்து தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு மாறினார். ஏதோ எட்டாம் வகுப்பு பாஸாகி ஒன்பதாம் வகுப்புக்குப் போன மாதிரி. கீழே அமெச்சூர், மேலே தொழில்முறை, நடுவில் ஒரு ஏணி. இந்த ஏணியைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. ‘தொழில்முறை’க்குத் தமிழில் பெயர் கிடைத்துவிட்டது, ‘அமெச்சூர்’ மட்டும் ஏன் அப்படியே கிடக்கிறது? ‘ஆர்வலர்’ என்றால் ஒட்டவில்லை. ‘பொழுதுபோக்கு’ என்றால் பல் உடைந்தவன் சிரிப்பான். மொழியின் வறுமை அல்ல காரணம். அந்தச் சொல் சுட்டுகிற ஆள் நம்மிடம் இருந்ததே இல்லை.

அந்த ஆள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்துக்காரர். 1867இல் குவீன்ஸ்பரி பிரபுவின் பெயரில் விதிகள் வந்தன: கையுறை, மூன்று நிமிட ரவுண்டு, விழுந்தவன் எழுந்திருக்கப் பத்து விநாடி. 1880இல் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் அங்கே உருவானது. ‘அமெச்சூர்’ என்பதற்கு அந்தக் காலத்து அர்த்தம் என்ன என்று தெரிய வேண்டுமானால், 1879இல் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் எழுதிய வரையறையைப் பார்க்கலாம். கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரோ உடலுழைப்பாளியோ அமெச்சூர் ஆக முடியாது என்று அதில் இருந்தது. ஆக, ‘பணம் வாங்காதவன்’ என்பது மேல்பூச்சு. உடம்பை வைத்துப் பிழைக்கத் தேவையில்லாதவன் என்பதே உள்ளர்த்தம். விளையாட்டின் தூய்மை பற்றிய இந்தச் சொல்லாடல் பிறப்பிலேயே ஒரு வர்க்க வேலிதான்.

சென்னைக்கு வருவோம். செங்கல்பட்டுத் தடத்தில் மறைமலை நகரில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரை நிலையம். அதைத் தாண்டினால் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்று வடசென்னை தொடங்கிவிடுகிறது. இங்கே கதை தலைகீழ். துறைமுகத்துக் கூலிகளும் மீனவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வெள்ளைக்காரனிடமிருந்து எடுத்துக்கொண்ட விளையாட்டு இது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி கட்டி, ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று விளம்பரம் போட்டு, டிக்கெட் விற்று ஆடினார்கள். ஆங்கிலோ–இந்தியரான நாட் டெர்ரியை 1940களில் கித்தேரி முத்து வீழ்த்திய கதை அங்கே இன்னும் சொல்லப்படுகிறது. ஆடியவருக்குப் பணம் உண்டு. அதாவது நம்மூரில் முதலில் வந்தது தொழில்முறைதான். அமெச்சூர் சங்கமும் மெடலும் சான்றிதழும் பிறகுதான் அதன் இடத்தைப் பிடித்தன. சண்டை ரிங்கைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோது போலீஸ் அனுமதி மறுத்தது; பரம்பரைகள் தேய்ந்தன. 2021இல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தபோது நாம் கொண்டாடியது இந்த இறந்தகாலத்தைத்தான்.

அமெச்சூர் வந்ததும் என்ன ஆச்சு? வடசென்னைப் பையனுக்கு ஒரு புதிய வழி திறந்தது. மாவட்டம், மாநிலம், தேசியப் போட்டி, ஒரு மெடல், அப்புறம் ரயில்வேயிலோ போலீசிலோ ராணுவத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. சென்னையிலிருந்து போய் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடி, 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய வி. தேவராஜனின் காலத்திலும் இந்த வழிதான் கண்ணுக்குத் தெரிந்தது. இதில் வேடிக்கையைக் கவனியுங்கள்: மாதாமாதம் சம்பளமும் கடைசியில் பென்ஷனும் வாங்குகிறவர் ‘அமெச்சூர்’. ஒவ்வொரு சண்டைக்கும் கூலி பேசிக்கொண்டு, அடிபட்ட நாளில் வெறுங்கையோடு நிற்பவர் ‘புரொஃபஷனல்’. ஹென்லிக்காரர்களின் வேலி இந்தியாவில் இப்படித் திரும்பிக்கொண்டது.

விதிகளில் என்ன வித்தியாசம் என்று நண்பர்கள் கேட்கலாம். அமெச்சூரில் மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிஷம். தொழில்முறையில் நான்கில் தொடங்கிப் பன்னிரண்டு ரவுண்டு வரை, அதாவது முப்பத்தாறு நிமிஷம். முன்பு பதினைந்து ரவுண்டு இருந்தது. 1982இல் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்த பிறகுதான் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். அமெச்சூரில் 2013இலிருந்து ஆண்களுக்குத் தலைக்கவசம் போச்சு. பாயிண்ட் போடும் முறையும் தொழில்முறையைப் போலவே பத்துக்கு ஒன்பது என்று ஆனது. 2016இல் தொழில்முறை வீரர்களுக்கும் ஒலிம்பிக்கைத் திறந்துவிட்டார்கள். ரியோவுக்கு வந்தவர்கள் மூன்றே பேர். ஆக, ரிங்குக்குள் இருந்த தூரம் குறைந்துகொண்டே வருகிறது.

உண்மையான தூரம் ரிங்குக்கு வெளியே இருக்கிறது. அமெச்சூரில் எதிராளியைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. தொழில்முறையில் பேரம் தீர்மானிக்கிறது. புரமோட்டர் என்கிற முதலாளி இரண்டு பேரை வாங்கி மோத விடுகிறார். வளர்க்க வேண்டிய பையனுக்கு ஆரம்பத்தில் தோற்கத் தெரிந்த எதிராளிகளாகப் பார்த்துக் கொடுப்பார்கள். அவனுடைய ‘தோல்வியே காணாதவன்’ என்ற கணக்கு டிக்கெட் விற்க உதவும். அந்தத் தோல்விகளைச் சுமப்பதற்கென்றே ஒரு கூட்டம் ஊர் ஊராகப் போகிறது. அவர்களுக்கும் அதுதான் தொழில். கிடைக்கிற பணத்தில் பயிற்சியாளருக்கு வழக்கமாகப் பத்து சதவீதம். மேலாளர் மூன்றில் ஒரு பங்கு வரை எடுக்க அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டமே இடம் கொடுக்கிறது. பட்டம் வழங்கும் அமைப்புகளுக்குத் தனிக் கட்டணம். புரமோட்டரும் மேலாளரும் ஒரே ஆளாக இருந்து வீரனை இரண்டு பக்கமும் சுரண்டுவதைத் தடுக்க அமெரிக்காவில் 2000இல் முகமது அலி பெயரில் ஒரு சட்டமே போட வேண்டி வந்தது.

பூர்தியூவின் மாணவரான லுவா வாக்கான் 1988இலிருந்து மூன்று வருஷம் சிகாகோவின் கறுப்பர் பகுதி ஜிம் ஒன்றில் தானே கையுறை மாட்டிப் பயிற்சி எடுத்து ஆய்வு செய்தார். குத்துச்சண்டை வீரனின் ஒரே மூலதனம் உடம்பு. அதைச் செலவழிக்காமல் அதைப் பெருக்கவும் முடியாது என்பது அவருடைய கணிப்பு. அங்கிருந்த வீரர்கள் தங்களை அடிமை, பாலியல் தொழிலாளி, பொலிக்குதிரை என்றெல்லாம் சொல்லிக்கொண்டதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். சுரண்டலை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவில் இந்தப் பாதையில் போனவர்களைப் பார்ப்போம். குர்சரண் சிங் 2000 சிட்னி ஒலிம்பிக் காலிறுதியில் 12–12 என்று சமன் செய்தும் மறு எண்ணிக்கையில் தோற்றார். ஒரு மெடல் கையை விட்டுப் போனது. பிறகு அமெரிக்கா போய்த் தொழில்முறையில் ஆடினார். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கிய விஜேந்தர் சிங், ஹரியானா போலீசில் டி.எஸ்.பி.யாக இருந்தவர். 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் முதல் தொழில்முறைச் சண்டை. போலீஸ் அதிகாரி ஒருவர் இதில் இறங்கலாமா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. 2016இல் டில்லியில் கெரி ஹோப்பை வென்று ஆசிய–பசிபிக் பட்டம்; 2021இல் கோவாவில், ஒரு சூதாட்டக் கப்பலின் மேல்தளத்தில், முதல் தோல்வி. நிஷாந்த் தேவ் 2024 பாரிஸில் காலிறுதியோடு வெளியேறி, 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் தொடங்கினார். ஒலிம்பிக் வரை போனவர்களால்தான் இந்தக் கதவைத் தட்ட முடிகிறது. மாநிலப் போட்டியோடு நின்றுவிடுகிற வியாசர்பாடிப் பையனுக்கு அதன் விலாசமே தெரியாது.

அதற்காக அமெச்சூர் சம்பளத்தைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வாங்கிய ராணுவ வீரர் கவுர் சிங், 2017இல் வைத்தியத்துக்கு வாங்கிய கடனோடு செய்திகளில் வந்தார். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் நிரந்தர வேலையே ஒப்பந்தமாகக் கரைகிற காலத்தில் 3 சதவீதம் எதில்? மறைமலை நகரில் ஃபோர்டின் கார் உற்பத்தி 2022இல் நின்றபோது, நிரந்தரத் தொழிலாளியின் கதியே என்ன என்று நாம் பார்த்தோம்.

எனவே பரம்பரையின் ரோசத்தை நினைத்து ஏங்குவதும், லாஸ் வேகாஸைப் பார்த்துக் கைதட்டுவதும் ஒண்ணுதான். இரண்டும் அடிபடுகிற உடம்பை வீரத்தின் குறியீடாக்குகின்றன, உழைப்பாகப் பார்ப்பதில்லை. குத்துச்சண்டைக்காரர் தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் கேட்க வேண்டியவை தெளிவாகிவிடும். அவர் மொழியில் எழுதிய ஒப்பந்தம். ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் பின்னும் மூளைக்கும் கண்ணுக்கும் பரிசோதனை. நாக் அவுட் ஆனால் கட்டாய ஓய்வு, அந்த ஓய்வுக்கும் கூலி. சண்டையை நடத்துகிறவர் கட்டும் காப்பீடு. தொழிற்பேட்டையில் மெஷினில் விரல் போன ஒப்பந்தத் தொழிலாளிக்குக்கூடச் சட்டப்படி ஈ.எஸ்.ஐ. உண்டு. ரிங்கில் விழித்திரை கிழிந்தவனுக்கு எந்தக் கார்டு என்று கேட்காத வரைக்கும், ‘தொழில்முறை’ என்ற சொல்லில் முறை இருக்கும், தொழில் இருக்காது.