இரு மொழி தெரிந்தால் போதுமா?

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு மொழிபெயர்ப்பு புதிய வித்தையன்று. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். மருத்துவர் சொல்வதைப் பாட்டிக்கும், பாட்டி சொல்வதை மருத்துவருக்கும் எடுத்துரைப்பது பெரும்பாலும் பத்து வயதுப் பேத்திதான். "அப்படியிருக்க, இதைப் பல்கலைக்கழகம் சென்று படிப்பானேன்?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே.

மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணியில் அமர்ந்த புதிதில், உதவித்தொகை பற்றிய ஒரு விதியைத் தமிழாக்கினேன். அதிகாரி தொகையை "நிறுத்தலாம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "நிறுத்துவார்" என்று எழுதிவிட்டேன். அச்சேறுமுன் மூத்தவர் ஒருவர் அதைக் கண்டு திருத்தினார். முன்னது அதிகாரியின் விருப்புரிமை; பின்னது கட்டாயம். அந்த ஒரு விகுதி பல ஏழைகளின் மாத வருமானத்தைப் பறித்திருக்கும். இரு மொழியும் எனக்குத் தெரிந்தே இருந்தன. அவற்றை ஒப்பிட்டு நிறுக்கும் தராசுதான் என்னிடம் இல்லை.

அந்தத் தராசைத் தருவதே மொழியியல். அண்டை மொழியாகிய கன்னடத்தையே எடுத்துக்கொள்வோம். நமது பால் அங்கே 'ஹாலு', பல் 'ஹல்லு', புலி 'ஹுலி'. தமிழில் பகரம் முதலாக வரும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரம் பெறுகின்றன என்ற ஒழுங்கை அறிந்தவன் நூறு சொற்களை ஒரு நாளில் கற்பான். ஆனால் ஒற்றுமையே சில வேளை குழியும் பறிக்கும். கன்னடப் பெயர்ப்பலகையில் 'சமாஜ கல்யாண இலாக்கெ' என்று கண்டு, அது திருமணம் நடத்தி வைக்கும் அலுவலகம் என்று எண்ணிவிடலாகாது. அது சமூக நலத்துறை.

தொலைவிலுள்ள மொழிகளில் வேற்றுமை இன்னும் பெரிது. "பையன் கடிதம் எழுதினான்" என்னும்போது வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் அது நடுவில் வரும்; செவ்விய அரபியிலோ பெரும்பாலும் முதலில் வரும். மேலும், அரபியில் மூன்று மெய்களே வேராக நின்று ஒரு சொற்குடும்பத்தை ஈனும். க், த், ப் என்ற வேரிலிருந்து 'கிதாப்' புத்தகம், 'காதிப்' எழுத்தர், 'மக்தப்' அலுவலகம். அரபி நமக்கு முற்றிலும் அந்நியமுமன்று. வக்கீல், வசூல், பாக்கி, ஆஜர் முதலியன அதன் வழிவந்தவையே.

வளைகுடா நாடுகளில் வேலை தேடுவோர்க்கு இது வெறும் இலக்கண ஆராய்ச்சியன்று. சவூதி அரேபியாவில் தொழில் ஒப்பந்தத்தின் இரு மொழி வாசகங்கள் முரண்பட்டால் அரபு வாசகமே செல்லும். ஒப்பமிடுமுன் அதைச் சரியாக எடுத்துரைப்பவர் இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

இவற்றைக் கற்பிக்கும் இடங்கள் எவை? ஐதராபாத்தில் 1958-இல் ஆங்கிலத்துக்கென நிறுவப்பட்ட மத்திய நிறுவனம், 1972-இல் அயல்மொழிகளையும் ஏற்று, 2007-இல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. ஆங்கிலமும் அரபியும் மொழியியலும் மொழிபெயர்ப்பும் அங்கே ஒரே வளாகத்தில் பயிலத்தக்கவை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீக, உருதுத் துறை 1927 முதல் உள்ளது. மைசூரில் 1969-இல் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தேசிய மொழிபெயர்ப்பு இயக்கத்தின் வாயிலாக உயர்கல்விப் பாடநூல்களை இந்திய மொழிகளில் கொண்டுவருகிறது. அரசு ஊழியர்க்கு ஆங்கில-இந்தி மொழிபெயர்ப்பில் பயிற்சி தரும் மத்திய மொழிபெயர்ப்புப் பணியகத்துக்குப் பெங்களூரிலேயே ஒரு மையம் உண்டு.

மத்திய அரசின் இளநிலை மொழிபெயர்ப்பாளர் தேர்வு எழுத முதுகலைப் பட்டத்துடன் மொழிபெயர்ப்பில் பட்டயமோ சான்றிதழோ, அல்லது இரண்டாண்டு அனுபவமோ கேட்கப்படுகிறது. அத்தேர்வு இந்தி-ஆங்கிலம் பற்றியது என்பதையும் நினைவிற் கொள்க.

பாட்டிக்காக மருத்துவரிடம் பேசும் சிறுமியிடம் விதை இருக்கிறது. தனக்குத் தெரியாத சொல் வரும்போது அவள் ஊகித்துச் சொல்லிவிடுகிறாள். பயின்றவளோ, "இதற்கு என்ன பொருள்?" என்று நின்று கேட்பாள். மாத்திரையின் அளவிலே பிழை நேராமல் காப்பது அந்தக் கேள்விதான். அதைக் கேட்கக் கற்பிப்பதற்கே இப்படிப்புகள் ஏற்பட்டுள்ளன.