லேப்டாப்புக்கு வெளியில் இருந்து பலம்!

கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்கு 1902-ம் ஆண்டு மின்சாரம் வந்தது. வந்த இடம், காவிரியில் உள்ள சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சி. தூரம் 147 கிலோமீட்டர். அதுவரை சுரங்கங்களில் நீராவி எந்திரங்களே பெரும்பாலும் ஓடின.

பலம் பிறந்த இடம் ஒன்று. வேலை நடந்த இடம் வேறு. இரண்டையும் சேர்த்து வைத்தது கம்பி!

ஏறக்குறைய அதே ஏற்பாடு இப்போது லேப்டாப்புக்கும் வந்திருக்கிறது. மேஜைக் கம்ப்யூட்டருக்கு என்று செய்யப்பட்ட பெரிய கிராபிக்ஸ் கார்டை வெளியே வைத்து, கேபிள் மூலம் லேப்டாப்புடன் சேர்த்து விடலாம். இதற்கு 'இ-ஜி.பி.யு.' என்று பெயர்.

இதனால் லாபம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு? இதோ விவரம்:

ரெயிலில் போகும் லேப்டாப்

தங்கவயல் சுரங்கங்கள் 28-2-2001 அன்று மூடப்பட்டன. பிழைப்புக்குப் பெங்களூர்தான் என்று ஆகிவிட்டது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் அதிகாலையில் ரெயில் ஏறி, இரவில் வீடு திரும்புவோர் ஏராளம்.

இப்படிப் போய் வருகிறவர்களுக்கு மேஜைக் கம்ப்யூட்டர் உதவாது. பையில் போட்டுக்கொண்டு போக லேப்டாப்தான் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இருப்பதும் ஒரே லேப்டாப்தான். அதைத்தான் படிக்கும் பிள்ளையும் பயன்படுத்த வேண்டும்.

பிள்ளை அனிமேஷன் படிக்கிறது, அல்லது செயற்கை நுண்ணறிவு படிக்கிறது என்றால் சிக்கல் தொடங்குகிறது. லேப்டாப் திணறுகிறது. சூடாகிறது. விசிறி சத்தம் போடுகிறது. புது லேப்டாப் வாங்குவதா, தனியாக ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் வாங்குவதா, அல்லது வெளிக் கார்டா? பல மாதச் சேமிப்பு சம்பந்தப்பட்ட கேள்வி இது.

கார்டு செய்யும் வேலை

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர், கடினமான கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகப் போடும். கிராபிக்ஸ் கார்டின் சுபாவம் வேறு. எளிய கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடும். திரையில் படம் வரைவதற்கு இந்த முறைதான் தேவை. செயற்கை நுண்ணறிவுக்கும் இதே முறைதான் பொருந்துகிறது.

நல்ல கார்டு நிறைய மின்சாரம் சாப்பிடும். 'ஆர்.டி.எக்ஸ். 3060' என்ற நடுத்தரக் கார்டுக்கு 170 வாட் வேண்டும். சாதாரண லேப்டாப்பின் சார்ஜரோ 65 வாட்தான் தரும். மெல்லிய லேப்டாப்புக்குள் அந்தச் சூட்டை வெளியேற்றவும் இடம் இல்லை. பெரிய கார்டு வெளியே இருக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

கேபிள்தான் கூண்டு!

சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் எளிதில் விளங்கும். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. கீழே எத்தனை பேர் எவ்வளவு கல் வெட்டினாலும், ஷாப்டு வழியாக ஏற்ற முடிந்த அளவுதான் மேலே வந்து சேரும்.

வெளிக் கார்டுக்கு அந்த ஷாப்டுதான் கேபிள்.

மேஜைக் கம்ப்யூட்டரில் கார்டு நேராக மதர்போர்டில் சொருகப்படுகிறது. அங்கே தகவல் போய்வர 16 பாதைகள் உண்டு. 'பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்' மூன்றாம் தலைமுறையில், வினாடிக்கு சுமார் 126 ஜிகாபிட் தகவல் ஒரு திசையில் போகும். கேபிள் வழியில் பெரும்பாலும் 4 பாதைகள்தான். 2015-ல் வந்த 'தண்டர்போல்ட் 3' கேபிளின் மொத்த வேகம் 40 ஜிகாபிட். அதில் கார்டுக்குக் கிடைப்பது 32-ஐத் தாண்டாது. நடைமுறையில் இன்னும் குறையும்.

பாதை கால் பங்காகிவிட்டது என்பதற்காக, வேலையும் கால் பங்காகிவிடாது. கார்டு எப்போதும் பாதை முழுவதையும் பயன்படுத்துவது இல்லை. ஆனால், மேஜைக் கம்ப்யூட்டரில் கிடைக்கும் முழு வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். விலை மிக அதிகமான கார்டை வாங்கி, குறுகிய பாதையில் மாட்டுவது வீண் செலவு.

எந்த போர்ட்?

எனவே, முதலில் பார்க்க வேண்டியது கார்டை அல்ல. லேப்டாப்பின் போர்ட்டை!

'டைப்-சி' போர்ட் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். எல்லாவற்றிலும் கார்டு வேலை செய்யாது. பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட் ஆக இருக்கலாம். குறியை மட்டும் நம்பாமல், மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். 'யு.எஸ்.பி. 4' போர்ட் பலவற்றிலும் கார்டு வேலை செய்யும். அதையும் விவரத்தாளில் பார்ப்பதே நல்லது.

தண்டர்போல்ட் இல்லாத லேப்டாப்புக்கும் வழி உண்டு. உள்ளே எஸ்.எஸ்.டி. மாட்டும் 'எம்.2' ஸ்லாட்டில் ஒரு அடாப்டரைச் சொருகி, கேபிளை வெளியே இழுக்கலாம். இதில் கார்டுக்கு 4 பாதைகள் நேராகக் கிடைக்கும். ஆனால் லேப்டாப்பின் அடிப்பலகையைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு எம்.2 ஸ்லாட் இருந்தால், அதில் உள்ள எஸ்.எஸ்.டி.க்கு வேறு இடம் தேட வேண்டும்.

'ஆக்குலிங்க்' என்ற போர்ட் சில புது மாடல்களில் இருக்கிறது. நான்காம் தலைமுறை ஆக்குலிங்க்கின் 4 பாதைகளில் 64 ஜிகாபிட் போகும். மிகப் பழைய லேப்டாப்புகளில் வைபை கார்டு ஸ்லாட் வழியாகவும் சிலர் இணைப்பார்கள். அங்கே கிடைப்பது ஒரே பாதை.

ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்போர் தனியே கவனிக்க வேண்டும். இன்டெல் சிப் உள்ள ஆப்பிள் கம்ப்யூட்டர்களுக்கு 2018-ல் இந்த வசதி முறைப்படி வந்தது. 2020 இறுதியில் வந்த 'எம்-1' சிப் கம்ப்யூட்டர்களில் அது கைவிடப்பட்டது.

மின்சாரம் தனி

வெளிக் கார்டுக்கு மின்சாரம் லேப்டாப்பில் இருந்து வராது. தனியாக எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். கார்டு உட்காரும் ஸ்லாட் மூலம் 75 வாட் கிடைக்கும். 6 பின் இணைப்பில் மேலும் 75 வாட். 8 பின் இணைப்பில் 150 வாட்.

இங்கேதான் பலர் கார்டைப் பொசுக்கி விடுகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்.சில் பிராசசருக்கு என்று இன்னொரு 8 பின் இணைப்பும் இருக்கும். கார்டுக்கான 8 பின் போலவே தோன்றும். ஆனால் உள்ளே கம்பிகள் நேர்மாறாக அமைந்திருக்கும். அதைக் கார்டில் அழுத்திச் சொருகினால் கார்டு போய்விடும்!

எம்.2, ஆக்குலிங்க் வழியாக இணைப்போர், எல்லாவற்றையும் அணைத்த பிறகே கேபிளை மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும். முதலில் எஸ்.எம்.பி.எஸ்., பிறகு லேப்டாப் என்ற வரிசையில் 'ஆன்' செய்ய வேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் சொருகக் கூடாது.

எந்த வேலைக்கு லாபம்?

தகவலை ஒரு முறை கார்டுக்கு அனுப்பிவிட்டு, கார்டே நெடுநேரம் உழைக்கும் வேலைகளுக்கு வெளிக் கார்டு மிகப் பொருத்தம். 'பிளெண்டர்' போன்ற அனிமேஷன் மென்பொருளில் படங்களை உருவாக்குவதும், கார்டின் நினைவகத்துக்குள் அடங்கும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியும் இந்த ரகம். கூண்டு அடிக்கடி ஏறி இறங்க வேண்டியது இல்லை.

விளையாட்டுகளில் தகவல் இடைவிடாமல் போய்வரும். அங்கே நஷ்டம் கூடும். படத்தை லேப்டாப் திரைக்கே திருப்பி அனுப்பினால், அதே குறுகிய பாதையில் அதுவும் நெருக்கும். கார்டில் நேராக ஒரு மானிட்டரை மாட்டினால் நெருக்கடி குறையும்.

பழைய கார்டு

'எத்தீரியம்' என்ற எண்ம நாணயத்தை உருவாக்கும் வேலைக்கு உலகமெங்கும் கிராபிக்ஸ் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். அதற்கும் 'சுரங்கம் தோண்டுதல்' என்றுதான் பெயர்! 2022 செப்டம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது. அந்தக் கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன. ஓடிக் களைத்த கார்டு எல்லாம் கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் விசிறி தேய்ந்திருக்கும். அரை மணி நேரம் முழு வேலை கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மொத்தக் கணக்கு

கார்டு விலை மட்டும் செலவு அல்ல. டாக், கேபிள், எஸ்.எம்.பி.எஸ்., தேவைப்பட்டால் மானிட்டர் எல்லாம் சேரும். மொத்தத் தொகையை ஒரு காகிதத்தில் எழுதி, அதே தொகைக்கு கார்டுடன் கூடிய பழைய மேஜைக் கம்ப்யூட்டர் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். கிடைத்தால், வீட்டில் இடமும் இருந்தால், அதுவே மேல். லேப்டாப்பில் தண்டர்போல்ட் இருந்து, பிராசசரும் நல்லதாக இருந்தால் வெளிக் கார்டு கை கொடுக்கும்.

பாடம் தொடங்கும் நிலையில் உள்ள மாணவர்களுக்கு அவசரம் இல்லை. கூகுளின் 'கோலாப்', 'காகிள்' ஆகியவை தூரத்தில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டை, நேர வரம்புடன் இலவசமாகப் பயன்படுத்த விடுகின்றன. நல்ல இன்டர்நெட் இருந்தால் போதும். ஆறு மாதம் அதில் பழகிப் பார்த்தால், சொந்தக் கார்டு வேண்டுமா, வேண்டாமா என்பது தானே தெரிந்துவிடும்.

வேண்டும் என்று முடிவாகிவிட்டால், பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போகும் நாளில் லேப்டாப்பையும் கையோடு கொண்டுபோவது நல்லது. கடையிலேயே மாட்டி, ஓட்டிப் பார்த்து, பில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கலாம்.